ஈரப்பலா: சத்தும் உணவுப் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரப்பலாவை உண்போர் பலர். அதை முதன்மை உணவாக எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அரிசி விலை ஏறும்போதும், கோதுமை மாவுக்குத் தட்டுப்பாடு வரும்போதும், நீரிழிவுக்கு என்ன சாப்பிடுவது என்ற பேச்சு எழும்போதும் இந்தக் காயைப் பற்றிய கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. சத்து அளவுகள் அனைத்தும் 100 கிராம் உண்ணத்தக்க சதைப்பகுதிக்கு உரியவை. வகைக்கும் முற்றலுக்கும் ஏற்ப அவை சற்றுக் கூடலாம், குறையலாம்.

ஈரப்பலா என்று எதைச் சொல்கிறோம்?

இலங்கைத் தமிழர் ஈரப்பலா என்றும், தமிழ்நாட்டில் சீமைப்பலா என்றும், கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் கடச்சக்கை என்றும், சிங்களத்தில் தெல் என்றும் வழங்கும் காய் இது. தாவரவியற் பெயர் ஆர்ட்டோகார்பஸ் ஆல்டிலிஸ். நாம் நன்கறிந்த பலாவும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஈரப்பலாவில் சுளை கிடையாது, பெரும்பாலான வகைகளில் கொட்டையும் கிடையாது. தோலைச் சீவினால் நடுத்தண்டைச் சுற்றி வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறத்தில் மாவுத்தன்மையுள்ள சதை மட்டுமே இருக்கும்.

இதன் மூதாதை, நியூகினிப் பகுதியில் வளரும் கொட்டை நிறைந்த காமான்சி மரம். பசிபிக் பெருங்கடலில் கிழக்கு நோக்கிக் குடிபெயர்ந்த மக்கள் வேர்க்கன்றுகளைப் படகில் எடுத்துச் சென்று, தீவுக்குத் தீவு நல்ல காய்களைத் தேர்ந்து நட்டு, கொட்டையில்லாத நூற்றுக்கணக்கான வகைகளை உருவாக்கினார்கள். கொட்டை இல்லாததால் இம்மரம் தானாகப் பரவ இயலாது; இன்று உலகில் நிற்கும் கொட்டையில்லா ஈரப்பலா மரம் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் நட்ட மரத்தின் வழிவந்ததே.

ஈரப்பலாவில் என்னென்ன சத்துகள் உள்ளன?

பச்சைச் சதை 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் நீர். மாவுப்பொருள் 27 கிராம். இதில் நார்ச்சத்து மட்டும் ஏறக்குறைய 5 கிராம். ஆற்றல் 103 கிலோகலோரி. புரதம் 1 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு கால் கிராமுக்கும் குறைவு. தாதுக்களில் பொட்டாசியம் 490 மில்லிகிராம் என்று முன்னிற்கிறது. மக்னீசியம் 25, பொஸ்பரஸ் 30, கல்சியம் 17 மில்லிகிராம். சோடியம் வெறும் 2 மில்லிகிராம். வைட்டமின் சி 29 மில்லிகிராம். பி வகை வைட்டமின்களில் தயமினும் நியாசினும் கவனிக்கத்தக்க அளவில் உள்ளன. இரும்பு அரை மில்லிகிராம் அளவே. இரும்புச்சத்துக்காக ஈரப்பலாவை நம்பக்கூடாது.

சோற்றுடன் ஒப்பிட்டால் எது மேல்?

அளவை வைத்து ஒப்பிட்டால்தான் இந்தக் கேள்விக்குப் பொருளுள்ள விடை கிடைக்கும். ஒரு தட்டில் 300 கிராம் வெள்ளைச் சோறு இருக்கிறது என்று கொள்வோம். அது தரும் ஆற்றல் சுமார் 390 கிலோகலோரி, புரதம் 8 கிராம், நார்ச்சத்து ஒரு கிராமை ஒட்டி, பொட்டாசியம் 100 மில்லிகிராம் அளவில். அதே தட்டில் அதே எடைக்கு ஈரப்பலாச் சதை இருந்தால் ஆற்றல் 310 கிலோகலோரி, புரதம் 3 கிராமுக்குச் சற்று மேல், நார்ச்சத்து 14 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 1,400 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். அவித்த நீரைக் கொட்டினால் பொட்டாசியத்திலும் வைட்டமின் சியிலும் ஒரு பகுதி போய்விடும். அப்படிப் போனாலும் எஞ்சுவது சோற்றில் உள்ளதைப் போலப் பல மடங்கு.

ஆக, நார்ச்சத்திலும் பொட்டாசியத்திலும் ஈரப்பலா வெகுதூரம் முன்னிற்கிறது. புரத அளவில் சோறு முன்னிற்கிறது. அந்த 5 கிராம் புரதக் குறையை ஒரு சிறு கிண்ணம் பருப்போ, இரண்டு துண்டு மீனோ, ஒரு முட்டையோ ஈடுசெய்துவிடும்.

இவ்விடத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஈரப்பலாவை நாம் பெரும்பாலும் கறியாகச் சமைத்துச் சோற்றோடு உண்கிறோம். மாவுப்பொருளின் மேல் மாவுப்பொருளைக் குவிக்கும் அந்த முறையில் இதன் நன்மை பெருமளவு வீணாகிறது. தட்டில் அது சோற்றின் இடத்துக்கு வந்து, பருப்பும் மீனும் கீரையும் கறியின் இடத்தில் அமையும்போதுதான் மேலே சொன்ன கணக்கு உண்மையாகும். அவித்த ஈரப்பலாவைத் தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்த்துக் காலை உணவாக உண்ணும் வழக்கம் இலங்கையில் முன்பிருந்தே உண்டு. அந்த வழக்கத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதாது.

மரவள்ளி, உருளைக்கிழங்கோடு ஒப்பிட்டால்?

மரவள்ளியில் ஆற்றல் கூடுதல். 100 கிராமில் 160 கிலோகலோரி. நார்ச்சத்தும் பொட்டாசியமும் ஈரப்பலாவில் கூடுதல். மரவள்ளியில் உள்ள சயனைடு தரும் சேர்மங்களைப் போன்ற கவலை ஈரப்பலாவில் இல்லை. உருளைக்கிழங்குக்கும் இதற்கும் சமையலில் நெருக்கம் அதிகம். சத்திலும் பெரிய இடைவெளி இல்லை, நார்ச்சத்தைத் தவிர.

ஈரப்பலாவில் முழுமையான புரதம் உள்ளது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது.

புரதத்தின் தரம் வேறு, அளவு வேறு. புரதத்தை ஆக்கும் கூறுகளான அமினோ அமிலங்களில், உடல் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத ‘அத்தியாவசிய’ அமினோ அமிலங்கள் ஓர் உணவின் புரதத்தில் எந்த விகிதத்தில் உள்ளன என்பது தரம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சூசன் மர்ச் அவர்களின் ஆய்வுக்குழு, ஹவாயில் ஈரப்பலா வகைகளைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த டயேன் ரகோன் அவர்களோடு சேர்ந்து பல வகைகளின் அமினோ அமிலங்களை அளந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அத்தியாவசிய அமினோ அமிலங்கள் அனைத்தும் ஈரப்பலாவில் இருப்பதும், குறிப்பாக மஅஃபாலா என்ற வகையின் புரதத்தில் அவற்றின் பங்கு கோதுமை, மக்காச்சோளம், அரிசி முதலியவற்றின் புரதத்தில் இருப்பதைவிட உயர்ந்திருப்பதும் தெரியவந்தன. லூசின், ஐசோலூசின், வாலின், பினைல்அலனின் ஆகியவை அதில் நிறைந்துள்ளன.

ஆனால் இது ஒரு கிராம் புரதத்துக்கு ஒரு கிராம் புரதம் என்று வைத்துச் செய்த ஒப்பீடு. நாம் சாப்பிடும் காயில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது? நீரை நீக்கிப் பார்த்தாலும் சாதாரண வகைகளில் நூற்றுக்கு நான்கு பங்கை எட்டுவதில்லை. அரிசியில் ஏறக்குறைய ஏழு, கோதுமை மாவில் பத்து. ஆகவே, ‘சோயாவைவிட உயர்ந்த புரதம்’ என்ற தலைப்பில் சுற்றும் செய்திகளைப் படித்துவிட்டுப் பருப்பையும் முட்டையையும் குறைத்துவிடுவது தவறு. வளரும் குழந்தைகளின் தட்டில் அது ஆபத்தும்கூட. கிடைக்கும் சிறிதளவு புரதம் தரமானது, ஆகவே பருப்போடும் மீனோடும் நன்றாக இணங்கும் என்பதே சரியான பாடம்.

கொட்டையுள்ள காமான்சியின் கதை வேறு. அதன் கொட்டைகளை அவித்தும் வறுத்தும் உண்பார்கள். அவற்றில் புரதம் ஈரப்பலாச் சதையில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம்.

செயற்பாட்டு உணவு என்றால் என்ன? ஈரப்பலாவை அப்படிச் சொல்லலாமா?

பசியாற்றுவதோடும் அடிப்படைச் சத்துகளைத் தருவதோடும் நில்லாமல், உடலின் ஏதாவதொரு இயக்கத்துக்குக் கூடுதல் நன்மை செய்யும் உணவைச் செயற்பாட்டு உணவு என்பர். இக்கருத்து 1980களில் ஜப்பானில் உருப்பெற்றது. 1991இல் அந்நாடு இதற்கெனத் தனிச் சட்ட ஏற்பாட்டையும் செய்தது.

ஈரப்பலாவை அந்த வரிசையில் வைப்பதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது நார்ச்சத்து: மலச்சிக்கலைத் தவிர்க்கவும், உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகத்தைத் தணிக்கவும், வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கவும் அது உதவுகிறது. அத்துடன் சமைத்து ஆறவைத்த மாவுப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. இரண்டாவது பொட்டாசியம் மிகுந்தும் சோடியம் மிகக் குறைந்தும் இருப்பது. உப்பு மிகுந்த உணவால் இரத்த அழுத்தம் ஏறிய சமூகங்களில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. மூன்றாவது, காயிலும் இலையிலும் உள்ள பீனோலிக் சேர்மங்கள் என்ற, நோயைத் தடுக்க உதவலாம் என்று கருதப்படும் தாவர வேதிப்பொருட்கள்.

முதல் இரண்டையும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அவை தட்டில் அளந்து காட்டக்கூடிய நன்மைகள். மூன்றாவதைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பல சோதனைக்குழாயிலும் விலங்குகளிலும் நடந்தவை. அவற்றை வைத்துக்கொண்டு ஈரப்பலா புற்றுநோயைத் தடுக்கும், சிறுநீரகத்தைச் சுத்திகரிக்கும் என்றெல்லாம் விற்பனைக்காக எழுதுவது பொறுப்பற்ற செயல். ஈரப்பலா இலைக் கஷாயத்தை மருத்துவர் தந்த மருந்துக்குப் பதிலாகக் குடிக்கவேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடும் சோற்றுக்குப் பதிலாகவும். ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக உயர்த்துகிறது என்பதைக் காட்டும் குறியீட்டில் 55 வரை குறைவு, 70உம் அதற்கு மேலும் உயர்வு. மேற்கிந்தியத் தீவுகளில் உண்ணப்படும் மாவுணவுகளை அளந்தபோது ஈரப்பலா 60ஐ ஒட்டி நடுத்தர நிலையிலும், மரவள்ளி 90ஐத் தாண்டியும் இருந்தன. இது வகைக்கும் சமைக்கும் முறைக்கும் ஏற்ப மாறும். பழுக்கப் பழுக்க மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதால், நீரிழிவு உள்ளவர்கள் முற்றிய காயையே எடுக்கவேண்டும். பழுத்து இளகியதைத் தவிர்க்கவேண்டும்.

குறியீடு நடுத்தரம் என்பதற்காக அளவை மறக்கக்கூடாது. 300 கிராமில் 80 கிராம் மாவுப்பொருள் இருக்கிறது. உங்கள் வழக்கமான சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள்; சோறும் குறையாமல் ஈரப்பலாவும் சேர்ந்தால் சர்க்கரை ஏறுவது உறுதி. எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிய சீவலுக்கு இங்கே சொன்ன எந்த நன்மையும் பொருந்தாது.

யார் கவனமாக இருக்கவேண்டும்?

சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துமாறு மருத்துவர் சொல்லியிருப்பவர்கள், அவர் அறிவுரையின்றி இதை உண்ணக்கூடாது. காயின் வெள்ளைப் பால் சிலரது தோலில் அரிப்பை உண்டாக்கும். நார்ச்சத்துக்குப் பழக்கமில்லாத வயிற்றில் முதல் சில நாட்கள் வாயு கூடலாம். சிறிய அளவில் தொடங்குவது நல்லது.

குழந்தைகளின் பார்வைக்கு நல்லது என்பது சரியா?

எல்லா ஈரப்பலாவும் அல்ல. நம்மூரில் காணும் வெள்ளைச் சதையுள்ள காயில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டினாய்டுகள் மிகக் குறைவு.

ஆனால் மேற்குப் பசிபிக்கிலுள்ள மைக்ரோனேசியாவில் மஞ்சள் சதையுள்ள வகைகள் உண்டு. பொன்பே தீவில் 1990களின் இறுதியில் பணியைத் தொடங்கிய லோயிஸ் எங்கில்பெர்கர் என்ற சத்துணவு ஆய்வாளர், அங்கே வாழைப்பழம், ஈரப்பலா, தாழைப்பழம் ஆகியவற்றின் உள்ளூர் வகைகளை ஒவ்வொன்றாக அளந்தார். தீவு மக்கள் இறக்குமதி அரிசிக்கும் வெள்ளை மாவுக்கும் மாறிய பிறகு குழந்தைகளிடையே வைட்டமின் ஏ குறைபாடு பரவியிருந்த காலம் அது. மெய் கோலே போன்ற மஞ்சள் ஈரப்பலா வகைகளில் கரோட்டினாய்டு நிறைந்திருப்பதை அளந்து காட்டி, அவற்றை மீண்டும் நடவும் உண்ணவும் ஊர் ஊராகச் சென்று பரப்புரை செய்தார். எந்தச் சத்து என்று கேட்பதோடு எந்த வகையில் என்றும் கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

சத்து வீணாகாமல் எப்படிச் சமைப்பது?

நல்ல காயைத் தேர்வதிலிருந்து தொடங்கவேண்டும். முற்றாத காயின் தோல் கடும்பச்சையாகவும் முள்முள்ளாகவும் இருக்கும். முற்றும்போது பச்சை வெளிறி மஞ்சள் கலக்கும். தோலிலுள்ள அறுகோணக் கட்டங்கள் தட்டையாகி விரியும். அவற்றுக்கிடையே பழுப்பு நிறக் கோடுகளும், வழிந்து காய்ந்த பாலின் துளிகளும் தெரியும். முதன்மை உணவாக அவிப்பதற்கு அந்தப் பருவமே உகந்தது. கறிக்கு அதற்குச் சற்று முந்திய காயும் ஏற்கும்.

கத்திக்கும் உள்ளங்கைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, காம்புப்பக்கம் கீழிருக்க நட்டுவைத்துப் பாலை வடியவிட்டுப் பின்னர் நான்காகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கித் தோலைச் சீவுங்கள். வெட்டிய துண்டுகள் கறுக்காமலிருக்க உடனே நீரில் போடவேண்டும். ஆனால் மணிக்கணக்கில் ஊறவிடவேண்டாம். துண்டுகளைப் பெரிதாக வெட்டி ஆவியில் அவித்தால் பொட்டாசியமும் வைட்டமின் சியும் மிகக் குறைவாகவே வெளியேறும். நீரில் அவித்தால் நீரை மட்டாக வைத்து அதை வற்றவிடலாம். முள்ளுக்கரண்டி தடையின்றி இறங்கும்போது இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் குழைந்துபோகும். உடைத்த துண்டில் வெந்த உருளைக்கிழங்கின் மணமும் புதுப் பாணின் மணமும் கலந்து வரும்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான யமைக்காவில் முழுக்காயையும் கரி நெருப்பில் போட்டு, தோல் கருகும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, பிறகு தோலைச் சீவி உண்கிறார்கள். நீரே படாத இம்முறையில் தாதுக்கள் உள்ளேயே தங்கும். சுவையும் செறிவாக இருக்கும். விறகடுப்பு உள்ள வீடுகளில் இதைச் செய்துபார்க்கலாம்.

உணவுப் பாதுகாப்புக்கு ஏற்ற பயிர் என்று ஏன் சொல்கிறார்கள்?

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். நன்கு வளர்ந்த மரமொன்று ஆண்டுக்கு 100 காய் தருகிறது என்று குறைத்தே மதிப்பிடுவோம். நல்ல மரங்கள் இதைவிட இருமடங்குக்கு மேலும் காய்க்கும். காய் ஒன்று ஒன்றரைக் கிலோ என்றால் மொத்தம் 150 கிலோ. தோலும் தண்டும் நூற்றுக்கு முப்பது பங்கு போனால் சதை 105 கிலோ. அதில் ஏறத்தாழ 1,08,000 கிலோகலோரி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி தேவை என்று வைத்தால், ஒரு மரம் ஒருவருக்கு 50 நாட்களுக்கான முழு ஆற்றலையும் தருகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பம் தன் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கை இதிலிருந்து எடுத்தால், 40 நாட்களுக்குத் தாங்கும்.

இந்த விளைச்சலுக்கு ஆண்டுதோறும் உழவோ விதைப்போ நாற்றுநடவோ வேண்டாம். வேர்க்கன்று நட்ட 3 முதல் 5 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும் மரம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் நின்று காய்க்கும். அதன் நிழலில் இஞ்சி, மஞ்சள், கோப்பி, மிளகு வளர்க்கலாம். இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு நெல் விளைச்சல் சரிந்தபோது, மறு ஆண்டு அந்நியச் செலாவணி இன்றிக் கோதுமை மாவும் எரிவாயுவும் அரிதாகியபோது, வீட்டுத் தோட்டத்தில் பலாவோ ஈரப்பலாவோ நின்ற குடும்பத்துக்கும் நில்லாத குடும்பத்துக்கும் இருந்த வேறுபாட்டை அந்நாட்களை அனுபவித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கப்பலையும் உரத்தையும் எதிர்பாராமல் காய்ப்பதே இம்மரத்தின் தலையாய வலிமை என்று நான் கருதுகிறேன்.

உணவுக்கும் வேளாண்மைக்குமான தாவர மரபு வளங்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டபோது, நாடுகள் பகிர்ந்துகொள்ளவேண்டிய 35 உணவுப் பயிர்களின் பட்டியலில் ஈரப்பலாவும் இடம்பெற்றது.

அப்படியானால் இது உலகின் பசியைத் தீர்த்திருக்கவேண்டுமே, ஏன் தீர்க்கவில்லை?

அந்த எதிர்பார்ப்பே மிகப் பழையது. அமெரிக்க விடுதலைப் போரால் உணவு வரத்து நின்று, புயலும் வறட்சியும் சேர்ந்து யமைக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்த 1780களில், கரும்புத் தோட்ட உரிமையாளர்கள் மலிவான உணவாக ஈரப்பலாவைக் கேட்டார்கள். பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்ஸ் முன்னின்று ஏற்பாடு செய்ய, கப்டன் வில்லியம் பிளை 1787இல் பவுண்டி கப்பலில் புறப்பட்டார். பசிபிக் தீவான தாகித்தியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்றுகளோடு திரும்புகையில் 1789 ஏப்ரல் 28 அன்று கப்பலில் கலகம் மூண்டது. கன்றுகள் கடலில் எறியப்பட்டன. இரண்டாம் பயணத்தில்தான், 1793இல், கன்றுகள் சென். வின்சென்ட் தீவையும் யமைக்காவையும் அடைந்தன.

யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அவர்கள் நீண்ட காலம் இதை விரும்பி உண்ணவில்லை. தமக்குப் பழக்கமான வள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் விட்டு, எசமானர் திணித்த காயை ஏன் விரும்பவேண்டும்? அடிமைமுறை ஒழிந்து, மக்கள் தம் சொந்த முற்றத்தில் மரம் வைத்து, தம் விருப்பப்படி சுட்டும் பொரித்தும் சமைத்தபோதுதான் அது அவர்களுடைய உணவாயிற்று. இன்று சுட்ட ஈரப்பலாவும் பொரித்த மீனும் சென். வின்சென்ட்டின் தேசிய உணவு. உணவுத் திட்டங்களை வகுப்போர் இந்த வரலாற்றை மறக்கக்கூடாது. ‘ஏழைகளின் உணவு’ என்ற முத்திரையோடு கொடுக்கப்படும் எதையும் மக்கள் ஏற்கமாட்டார்கள்.

சுவைக்கு அப்பால் இன்னொரு தடை உண்டு: பறித்த காய் ஓரிரு நாட்களில், மிஞ்சினால் நான்கு நாட்களில் இளகிவிடும். பருவத்தில் மரத்தடியில் விழுந்து அழுகும் காய்களைக் கணக்கிட்டால், நாம் உண்பதைவிட இழப்பது அதிகமோ என்று தோன்றும்.

பருவம் முடிந்த பிறகு உண்ணப் பாதுகாக்க முடியுமா?

பசிபிக் மக்கள் இதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டார்கள். தோலும் தண்டும் நீக்கிய காய்களை இலைகள் பரப்பிய குழியில் அடுக்கி, மேலும் இலைகளால் மூடிக் கற்களை ஏற்றி வைப்பார்கள். காற்றுப் புகாத குழியில் காய் புளித்து மாவுபோலாகி, ஓராண்டுக்கு மேலும் கெடாமல் இருக்கும். சமோவாவில் இதை மாசி என்றும், மார்ஷல் தீவுகளில் ப்விரோ என்றும் சொல்வர். புயல் அடித்து மரங்கள் முறிந்த ஆண்டுகளில் தீவுகளைக் காத்தது இக்குழிகளே.

நம் வீடுகளுக்கு எளிய வழிகள் உண்டு. முழுக்காயை நீரில் அமிழ்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாகத் தாங்கும். அரைவேக்காடாக அவித்த துண்டுகளை உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம். பச்சைக் காயைச் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், 12 பாகை செல்சியசுக்குக் கீழே தோல் கறுத்துச் சதை கெடும்.

எல்லாவற்றிலும் பயன் மிக்கது மாவாக்குவது. முற்றிய காயை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒடித்தால் ‘டக்’ என்று முறியும்வரை உலர்த்தி அரைக்கவேண்டும். ஒரு கிலோ மாவுக்கு மூன்றரைக் கிலோ வரை சதை தேவைப்படும். மழைக்காலத்தில் வெயிலை நம்பி உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கும். கூரையிட்ட சூரிய உலர்த்தியோ குறைந்த சூட்டில் இயங்கும் மின்னுலர்த்தியோ வேண்டும். ஈரம் புகாத கொள்கலனில் அடைத்தால் ஓராண்டுவரை வைக்கலாம்.

ஈரப்பலா மாவைக் கோதுமை மாவுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

இதில் குளுட்டன் என்ற கோதுமைப் புரதம் இல்லை. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அது பெரும் உதவி. பாண் சுடுவோருக்கு அதுவே குறை, ஏனெனில் மா தனியாகப் பொங்காது. ரொட்டி, பிட்டு, தோசை, கஞ்சி, பிஸ்கட் ஆகியவற்றில் கால்பங்கு தொடங்கி அரைப்பங்குவரை கலக்கலாம். கோதுமையைவிட நீரை அதிகம் உறிஞ்சும். ஆகவே பிட்டுக்கு நீரைச் சற்றுக் கூட்டவேண்டும். கஞ்சிக்குப் பயற்றம்மாவையும் சேர்த்தால் புரதக்குறை நீங்கும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நொதிகளைக் கொண்டு செரிக்கவைத்தபோது ஈரப்பலாப் புரதம் கோதுமைப் புரதத்தைவிட எளிதில் செரித்தது; ஈரப்பலா உணவுண்ட சுண்டெலிகள் நன்றாக வளர்ந்தன, நச்சு விளைவு எதுவும் தென்படவில்லை.

காலநிலை மாறும்போது இம்மரம் தாங்குமா?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வரும் சில பத்தாண்டுகளில் வெப்ப மண்டலத்தில் ஈரப்பலாவுக்கு ஏற்ற நிலப்பரப்பு 4 முதல் 5 சதவீத அளவே குறையும். ஆப்பிரிக்காவில் இன்னும் பயிரிடப்படாத ஏற்ற நிலம் பெருமளவில் உள்ளது. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு அஞ்சப்படும் இழப்போடு பார்க்கும்போது இது சிறியது. ஆனால் மரம் பெரும்புயலில் கிளை முறியும். அடிவேரில் நீர் தேங்கினால் பட்டுப்போகும்.

எங்கே, எப்படி நடுவது?

ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் மழை பெறும், வடிகால் நன்குள்ள தாழ்நிலம் மிக ஏற்றது. இலங்கையின் ஈரவலயம், கேரளம், கன்னியாகுமரி மாவட்டம், கர்நாடகக் கரையோரம் ஆகியவை இயல்பான இடங்கள். உலர்வலயத்திலும் கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ, முதல் இரண்டு மூன்று கோடைகளில் நீர் ஊற்ற முடிந்தால் வளரும். குளிர்மலைகளுக்கு இது ஆகாது.

கொட்டை இல்லாததால் கன்று வேரிலிருந்தே வரவேண்டும். தாய்மரத்திலிருந்து சற்றுத் தள்ளி, மண்ணை விலக்கி, பெருவிரல் பருமனுள்ள வேரில் இலேசான காயம் செய்து மூடிவைத்தால் அங்கே முளை கிளம்பும். முளை முழங்கால் உயரம் வந்ததும் இருபுறமும் வேரைத் துண்டித்து, சில வாரம் அங்கேயே விட்டு, தன் வேர்கள் பிடித்த பிறகு மண்கட்டியோடு பெயர்த்துப் பையிலிட்டு நிழலில் தேற்றவேண்டும். மழை தொடங்கும் காலத்தில் வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் குறைந்தது 8 மீட்டர் தள்ளி நடுங்கள். மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுங்கள். முதலாம் ஆண்டில் ஆட்டிடமிருந்து காக்க வேலி அவசியம். ஈரப்பலாத் துளிரை ஆடுகள் விரும்பித் தின்னும்.